கண்ணாடி மணி செய்யும் தொடக்கப் பெட்டி: மூன்று ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, வீட்டிலிருந்தபடியே கண்ணாடி மணி செய்யப் பழகலாம் என்று விளம்பரம் செய்யப்பட்டிருந்த ஒரு தொடக்கப் பெட்டியை இணையத்தில் வரவழைத்தேன். அதற்கு முன் ஏழெட்டு ஆண்டுகளாகக் கோயம்புத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடி அறையில் சுடுமண் நகைகளும் பட்டுநூல் வளையல்களும் செய்து தெரிந்தவர்களுக்கு விற்றுவந்தேன். ஓவியமோ சிற்பமோ எங்கும் முறையாகப் படித்ததில்லை. பகலில் கணக்கு எழுதும் வேலை, இரவில் கைவேலை என்று பழகிவிட்டது. மாலைகளுக்கு இடையிடையே கோக்கக் கடையில் வாங்கும் கண்ணாடி மணிகளில், நான் நினைத்த நிறம் நினைத்த அளவில் பெரும்பாலும் கிடைப்பதில்லை. அந்தக் குறைதான் இந்தப் பெட்டியை வாங்கவைத்தது. ஏறக்குறைய இதே பொருள்களை வெவ்வேறு பெயர்களில் பலர் விற்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். ஆகவே விற்றவர் பெயரை விட்டுவிட்டு, உள்ளே இருந்தவற்றைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

நான் கொடுத்த விலை 14,500 ரூபாய். பெட்டிக்குள் கண்ணாடியை உருக்க ஒற்றை வாயுவில் எரியும் டார்ச் ஒன்று, அதற்கான குழாயும் இணைப்பும், உருகிய கண்ணாடியைச் சுற்றப் பத்து எஃகுக் கம்பிகள், ஆறிய மணி எளிதாகக் கழல்வதற்காகக் கம்பியில் பூசும் களிமண் பூச்சு ஒரு சிறு டப்பா, அரைக் கிலோ கண்ணாடிக் குச்சிகள், மணியை உருட்டித் தட்டையாக்க ஒரு கிராஃபைட் தகடு, கண்ணில் அணிய ஒரு பாதுகாப்புக் கண்ணாடி, மணியைப் புதைத்து ஆறவைக்க ஒரு பை வெர்மிகுலைட், எட்டுப் பக்க வழிகாட்டி ஆகியவை இருந்தன. டார்ச்சும் கண்ணாடிக் குச்சிகளும் கொடுத்த காசுக்குத் தகுந்தவை. பாதுகாப்புக் கண்ணாடி பயனற்றது. வழிகாட்டி ஏடு தவறானது. அதிலிருந்த தவறுகளில் ஒன்று என்னுடைய முதல் ஓராண்டு உழைப்பில் பெரும்பகுதியை வீணாக்கியது. அதைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல வேண்டும் என்றாலும், முதலில் டார்ச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

இந்த வகை டார்ச்சுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் தேவையில்லை. கழுத்தில் இருக்கும் துளைகள் வழியே சுற்றிலும் உள்ள காற்றை அதுவே உறிஞ்சி, வாயுவுடன் கலந்து எரிக்கிறது. அதனால்தான் எரியும்போது அடங்காத இரைச்சல் வருகிறது. காதில் பஞ்சு வைத்துக்கொள்ளாமல் ஒரு மணி நேரம் அதன் முன் உட்கார முடியாது. ஆக்சிஜன் கலந்து எரியும் டார்ச்சின் வேகம் இதற்கு இல்லை. பட்டாணி அளவு மணிக்கு ஐந்து நிமிடமும் நெல்லிக்காய் அளவு மணிக்கு அரை மணி நேரமும் எனக்கு ஆகின்றன. ஆனால் தனியே கற்பவருக்கு அந்த நிதானமே உதவியாக அமைகிறது. கண்ணாடி மெல்ல இளகுவதால், அது எப்போது தொங்கத் தொடங்குகிறது, எப்போது கையை வேகமாகச் சுழற்ற வேண்டும் என்பதைக் கண் பார்த்துப் பழகுவதற்கு நேரம் கிடைக்கிறது. சுடரின் வாய்க்கு மிக அருகில் கொண்டுபோனால் வெள்ளைக் கண்ணாடியில் சாம்பல் நிறக் கறை படியும். நான்கு விரல் தள்ளிப் பிடித்தால் கறை படியாது. இதை வழிகாட்டி சொல்லவில்லை. முப்பது வெள்ளை மணிகள் அழுக்கான பிறகே நான் கண்டுகொண்டேன்.

எரிவாயு விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. வீட்டு அடுப்பின் ரெகுலேட்டரில் இந்த டார்ச் ஒழுங்காக எரியாது, அதன் அழுத்தம் மிகக் குறைவு. வெல்டிங் சாமான் விற்கும் கடையில் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் தனியாக வாங்க வேண்டியிருந்தது. வீட்டுச் சமையலுக்கு வாங்கும் 14.2 கிலோ சிலிண்டரை விற்பனைக்கான வேலையில் பயன்படுத்தக் கூடாது என்பதால் 5 கிலோ சிலிண்டருக்கு மாறினேன். சிறிய சிலிண்டரிலிருந்து தொடர்ந்து வாயு எடுக்கும்போது உள்ளே இருக்கும் திரவம் குளிர்ந்து, வெளியே வியர்த்து, ஒரு மணி நேரத்துக்குப் பின் சுடர் தளர்ந்துவிடும்; அப்போது வேலையை நிறுத்துவதுதான் முறை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கி நிற்கும். ஆகவே ஒவ்வொரு நாளும் இணைப்புகளில் சோப்பு நீர் தடவிப் பார்த்த பின்பே பற்றவைக்கிறேன். காற்றோட்டமில்லாத அறையில் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

கண்ணாடிக் குச்சிகள் நல்லவை. இத்தாலியில் வெனிஸ் அருகே உள்ள முரானோத் தீவின் எஃபெத்ரே நிறுவனம் செய்பவை. பழைய பெயரைக் கொண்டு மொரெட்டி என்று சொல்பவர்களும் உண்டு. உலகெங்கும் சுடரில் மணி செய்பவர்களில் பெரும்பாலோர் இந்த மென்கண்ணாடியில்தான் தொடங்குகிறார்கள். பேனா அளவு தடிமனுள்ள இந்தக் குச்சியைச் சுடருக்குள் ஒரேயடியாக நீட்டினால் ‘பட்’டென்று தெறித்து முழங்கையில் விழும். சுடரின் நுனியில் வைத்து முதலில் வெதுவெதுப்பாக்கி, பிறகு மெல்ல உள்ளே கொண்டுவர வேண்டும். முனை சிவந்து தேன்போலத் திரண்டதும், மற்றக் கையில் உள்ள பூச்சிட்ட கம்பியும் இளஞ்சிவப்பாகச் சுட்டிருக்க, திரண்ட கண்ணாடியை அதன்மேல் தொட்டுக் கம்பியைச் சுழற்றினால் நூல் சுற்றுவது போலக் கண்ணாடி சுற்றிக்கொள்ளும். சுழற்றுவதை ஒரு கணம் நிறுத்தினாலும் மணி ஒரு பக்கம் தொங்கிவிடும். விடாமல் சுழற்றிக்கொண்டே இருந்தால் கண்ணாடி தானே உருண்டை வடிவத்துக்கு வந்துவிடும். மேலே கோடும் புள்ளியும் போட மெல்லிய இழைகள் வேண்டும். பாகு காய்ச்சிக் கம்பிப் பதம் பார்த்துப் பழகிய கைக்கு அந்த இழைகளை இழுப்பது ஒரே மாலையில் வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது.

நல்ல மணி எது என்று அறிய, நிறத்துக்கு முன்னால் துளையைப் பார்க்க வேண்டும். துளையின் இரு ஓரங்களும் ஆப்பிளின் காம்படிபோல உள்வாங்கிக் குழிந்திருக்க வேண்டும். கம்பியின்மீது கண்ணாடி பரவிய அகலத்துக்குப் போதுமான அளவு கண்ணாடி இல்லாமல் போனால் ஓரம் கூர்மையாக நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தக் கூர்மை நாளடைவில் நூலை அறுத்துவிடும். என் முதல் நூறு மணிகளில் பத்துக்கூடக் குழிந்த ஓரத்துடன் வரவில்லை. கணக்கு எழுதும் பழக்கத்தால் ஒவ்வொரு மணிக்கும் எண் கொடுத்து, குச்சியின் நிறம், கம்பியின் தடிமன், எடுத்த நேரம், வந்த குறை ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிவந்தேன். சொல்லித்தர ஆள் இல்லாத எனக்கு அந்த நோட்டுத்தான் வாத்தியார். தந்த நிறக் குச்சியின்மேல் டர்க்காய்ஸ் நீலத்தால் புள்ளி வைத்தால் இரண்டும் சேரும் விளிம்பில் கரிய கோடு விழுகிறது என்பதை 43-ஆம் மணியில் குறை என்று எழுதியிருக்கிறேன். தந்தக் கண்ணாடியில் உள்ள கந்தகமும் நீலக் கண்ணாடியில் உள்ள செம்பும் வினைபுரிவதால் அக்கோடு வருகிறது என்று தெரிந்த பிறகு, அதையே வேண்டுமென்று வரவழைத்துச் செய்த மணிகள்தான் இன்று என்னிடம் அதிகம் விற்கின்றன.

இனி வெர்மிகுலைட் பையைப் பற்றி. மாடித் தோட்டம் வைத்திருப்பவர்கள் மண்கலவையில் போடுகிற அதே பொருள்தான். அதைச் சட்டியில் சூடாக்கி வைத்துக்கொண்டு, செய்து முடித்த மணியை அதற்குள் புதைத்து அரை மணி நேரம் விட்டால் ‘மணி உறுதியாகிவிடும், பிறகு அணியலாம், விற்கலாம்’ என்று வழிகாட்டி சொன்னது. நான் அதை அப்படியே நம்பி, முதல் ஆண்டு முழுவதும் அப்படியே செய்தேன்.

அந்த ஆண்டு மார்கழியில் என் அக்காவுக்குப் பச்சை மணிகள் கோத்த மாலை ஒன்றைச் செய்துகொடுத்தேன். நடுவில் நெல்லிக்காய் அளவில் ஒரு பெரிய பச்சை மணி, பார்த்தால் கிணற்று நீர்போல இருக்கும். அதை அவள் ஒரு வளைகாப்புக்கு அணிந்துபோனாள். பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது ‘டிக்’ என்ற சிறு ஓசை கேட்டதாம். குனிந்து பார்த்தால் மணி இரு பாதியாகப் பிளந்து, ஒரு பாதி மடியில் கிடந்திருக்கிறது. மறுநாள் அந்த இரண்டு பாதிகளையும் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, “நான் எதுலயும் இடிக்கலை கண்ணு, சும்மாதான் உக்காந்திருந்தேன்” என்றாள். பொருளைத் தான்தான் உடைத்துவிட்டோமோ என்று அவள் வருந்தியதுதான் எனக்குப் பெரிய வேதனையாக இருந்தது. அன்றிரவே அலமாரியில் இருந்த மற்ற மணிகளை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தேன். பெரிய மணிகளில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் உள்ளே மயிரிழைபோல வெடிப்பு ஓடியிருந்தது.

காரணம் எளிதானதுதான். சுடரிலிருந்து எடுத்த மணியின் மேற்பரப்பு முதலில் குளிர்ந்து இறுகிவிடுகிறது; உள்ளே இருப்பது பிறகு குளிர்ந்து சுருங்கும்போது, இறுகிய மேற்பரப்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. அந்த இழுவிசை கண்ணாடிக்குள் அடைபட்டு நிற்கிறது. இன்று உடையலாம், மூன்று மாதம் கழித்தும் உடையலாம். வெர்மிகுலைட் குளிர்ச்சியைத் தாமதப்படுத்துமே தவிர, அந்த இறுக்கத்தைப் போக்காது. போக்க வேண்டுமானால் இந்த வகைக் கண்ணாடியை 510 முதல் 520 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிறுத்திவைத்து, பிறகு சுமார் 440 பாகை வரை மிக மெதுவாக இறக்கி, அதன் பின்னரே உலையை அணைத்துத் தானாகக் குளிர விட வேண்டும். இதைக் காய்ச்சி ஆற்றுதல் என்கிறோம். இதற்கு வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் மின் உலை வேண்டும். பெட்டியில் உலை இல்லை என்பதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த விலைக்கு உலை தர முடியாது. உலை தேவையே இல்லை என்று எழுதி விற்றதுதான் குறை. மணி வாங்குபவர் அதைக் கழுத்தில் அணிகிறார். குழந்தை அதைக் கையில் எடுத்து விளையாடுகிறது. உடைந்தால் கையை அறுக்கும் பொருள் அது.

இறுக்கத்தைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. மடிக்கணினியின் எல்சிடி திரையில் வெறும் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு, போலராய்டு வகைக் குளிர்கண்ணாடியை அதன் முன் பிடித்து மெல்லத் திருப்பினால் ஒரு கோணத்தில் திரை முழுதும் இருண்டுவிடும். அந்த நிலையில் திரைக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒளி ஊடுருவும் மணியைப் பிடித்தால், ஒழுங்காக ஆற்றிய மணி இருளோடு இருளாக இருக்கும். இறுக்கம் உள்ள மணியில் துளையைச் சுற்றி வெண்ணிற இதழ்கள்போல ஒளி தெரியும். வெர்மிகுலைட்டில் ஆறிய என் நீல மணி ஒன்றை முதன்முதலாக அப்படிப் பார்த்தபோது, நான்கு இதழ்ப் பூ ஒன்று அதற்குள் எரிவது போலிருந்தது. பார்க்க அழகாக இருந்தாலும், அது பிளக்கக் காத்திருந்த மணி. ஒளி ஊடுருவாத நிறங்களுக்கு இந்தச் சோதனை உதவாது. அவற்றோடு ஒரு தெளிந்த மணியையும் உலையில் சேர்த்து வைத்து, அதைச் சோதித்துக்கொள்கிறேன்.

உலைக்கு நான் கண்ட வழி, பல் கட்டும் ஆய்வகம் ஒன்று கழித்துவிட்ட சிறு உலையை வாங்கியது. அதில் புதிய வெப்பமானியும் கட்டுப்பாட்டுக் கருவியும் பொருத்த ஒரு மின்பணியாளர் இரண்டு நாள் உழைத்தார். எல்லாம் சேர்த்து 11,000 ரூபாய் ஆயிற்று. ஏற்கெனவே ஆறிப்போன மணிகளையும் மெதுவாகச் சூடேற்றி மீண்டும் ஆற்றலாம் என்பது பெரிய ஆறுதல். வெடிப்பு விழாத பழைய மணிகளையெல்லாம் உலையில் வைத்து மீட்டேன். அதற்குப் பின் கடந்த இரண்டு ஆண்டுகளில் விற்ற எந்த மணியும் உடைந்து திரும்பி வரவில்லை.

வழிகாட்டியில் இன்னொரு பிழை, எந்தக் கண்ணாடியையும் எதனோடும் சேர்க்கலாம் என்ற வரி. அதை நம்பி, வீட்டில் உடைந்து கிடந்த பிரோசாபாத் வளையல் துண்டுகளை உருக்கி இத்தாலியக் கண்ணாடியின்மேல் பூவேலை செய்தேன். சின்ன வயதில் வளையல் துண்டு சேர்த்து விளையாடிய கைக்கு அது மிகவும் பிடித்த வேலையாகவும் இருந்தது. ஆறியதும் பூக்கள் இருந்த இடமெல்லாம் மணி வெடித்திருந்தது. குச்சியின் உறையில் அச்சிட்டிருக்கும் 104 என்ற எண், சூட்டில் அந்தக் கண்ணாடி எவ்வளவு விரிகிறது என்பதன் அளவு. அந்த எண் பொருந்தாத கண்ணாடிகளைச் சேர்த்தால் ஒன்று அதிகமாகவும் மற்றது குறைவாகவும் சுருங்கி ஒன்றையொன்று பிளந்துவிடும். ஆய்வகக் குழாய்களுக்குப் பயன்படும் போரோசிலிகேட்டுக்கு அந்த எண் 33 மட்டுமே. இதை உலையாலும் சரிசெய்ய முடியாது. ஒரே வளையலின் துண்டுகளை வேறு எதுவும் கலக்காமல் தனியே உருக்கினால் நல்ல மணி வருகிறது. சற்றுக் கெட்டியாக இளகும், அவ்வளவுதான்.

பாதுகாப்புக் கண்ணாடி வெறும் பழுப்பு நிறக் கண்ணாடி. சூடான கண்ணாடியில் உள்ள சோடியம் மஞ்சள் ஒளியை வீசுவதால், மணி சுடருக்குள் இருக்கும்போது அந்த ஒளிப்பிழம்பைத்தான் பார்க்க முடிகிறது, மணியைப் பார்க்க முடிவதில்லை. டிடிமியம் என்ற உலோகக் கலவை சேர்த்த கண்ணாடி அந்த 589 நானோமீட்டர் மஞ்சளைப் பெருமளவு வடிகட்டிவிடும். அதைத் தனியே வாங்கி அணிந்த முதல் நாள், சுடருக்குள் மணியின் விளிம்பு தெளிவாகத் தெரிந்தபோது, ஆறு மாதமாகக் கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்திருக்கிறேன் என்று புரிந்தது. களிமண் பூச்சைப் பற்றிச் சொல்வதற்கு அதிகம் இல்லை. நன்றாகவே ஒட்டுகிறது, நன்றாகவே கழல்கிறது. மணியின் துளையில் எஞ்சியிருக்கும் பூச்சைத் தண்ணீருக்குள் வைத்தே சுரண்ட வேண்டும், அந்தத் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது என்பதைப் பெட்டியில் எங்காவது எழுதியிருக்கலாம்.

பெட்டியின் மேலட்டையில் ‘அரிக்கமேட்டுத் தமிழரின் மணி செய்யும் முறை’ என்று அச்சிட்டிருந்தது. அரிக்கமேட்டை மதிக்கிறவர்களுக்கு இது வருத்தம் தரும் பிழை. புதுச்சேரி அருகே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945-இல் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்த அந்தப் பழந்துறைமுக ஊரில் கிடைத்த சின்னஞ்சிறு ஒருநிற மணிகளில் பெரும்பாலானவை கம்பியில் சுற்றிச் செய்தவை அல்ல. உலையிலிருந்து உருகிய கண்ணாடியை நீண்ட குழாயாக இழுத்து, அதைத் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு சேர்த்து மீண்டும் சுட்டு ஓரங்களை மழுக்கிச் செய்தவை. கிழக்கு ஆப்பிரிக்கா முதல் கொரியா வரை கிடைக்கும் இவ்வகை மணிகளுக்கு இந்தோ-பசிபிக் மணிகள் என்று பெயரிட்டவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். ஆந்திராவில் காளஹஸ்திக்கு அருகே உள்ள பாப்பாநாயுடுபேட்டையில் இந்த இழுப்பு முறை நம் காலம்வரை தொடர்ந்து வந்திருக்கிறது. பலர் கூடிச் செய்யும் தொழில் அது, ஒருவர் மேசைமுன் உட்கார்ந்து செய்யும் வேலை இல்லை. புதுச்சேரி அருங்காட்சியகத்தில் கடுகளவு சிவப்பு மணிகளைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அந்த அளவில் ஒரே சீராக ஒரு மணிகூட என் டார்ச்சில் என்னால் செய்ய முடியாது. வேறொரு கைத்திறனின் பெயரை இந்தப் பெட்டியின்மேல் ஒட்டியிருக்க வேண்டியதில்லை.

ஆகவே, இந்தக் கலையைத் தனியே பழக விரும்புகிறவர்கள் இப்பெட்டியை முழுதாக வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து. டார்ச், குச்சிகள், எஃகுக் கம்பிகள், பூச்சு ஆகிய நான்கையும் தனித்தனியே வாங்கினால் விலை குறைகிறது. மிச்சமாகும் காசில் டிடிமியம் கண்ணாடியை உடனே வாங்கிவிடலாம். உலைக்குப் பணம் சேரும்வரை செய்யும் மணிகளை விற்காமலும் யாருக்கும் அணியக் கொடுக்காமலும் எண் போட்டு வைத்திருக்கலாம், பின்னால் எல்லாவற்றையும் ஒன்றாக ஆற்றிக்கொள்ளலாம். தொடக்கத்தில் நான்கைந்து நிறங்கள் போதும்; தங்கம் கலந்த இளஞ்சிவப்புக் குச்சி விலை அதிகம், அதைக் கை பழகிய பின் வாங்குவது நல்லது. கையால் செய்த மணிகளை விலைக்கு வாங்குகிறவர்கள், உலையில் ஆற்றியவையா என்று விற்பவரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். ஆற்றியிருந்தால் அவரே எத்தனை பாகை, எவ்வளவு நேரம் என்று சொல்லிவிடுவார்.

உலை வந்த வாரமே அக்காவுக்கு அதே பச்சையில் வேறொரு மணி செய்து, இரண்டு முறை திரையில் பிடித்துப் பார்த்து, மாலையில் கோத்துக் கொடுத்தேன். உடைந்த பாதிகள் இரண்டும் அந்தக் காகித மடிப்போடு என் டார்ச்சின் பக்கத்தில் இருக்கின்றன.